அரை மணிக்கு ஒரு அளவு

மாப்பிள்ளையின் புறங்கை, சார்ஜரின் தகர மூடிக்கு ஓர் அங்குலம் மேலே வந்து நின்றுவிட்டது.

உள்ளங்கையால் தொடக் கூடாது, புறங்கையால்தான் தொட வேண்டும். கரண்ட் அடித்தால் உள்ளங்கை தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை உதறிக்கொண்டு வந்துவிடும். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மாமனார் சொன்ன பாடம் அது. இவனிடம் சொன்னதில்லை. மாமியாரிடம், இவன் காதில் விழுகிற மாதிரிச் சொன்னது.

அந்த மாமனார் இப்போது கூடத்தில் வெள்ளைத் துணிக்குக் கீழே படுத்திருந்தார். காலை ஒன்பதே முக்காலுக்கு, இதே கொட்டகையில், இதே நாற்காலியில், வலது புறங்கை இதே சார்ஜரின் மேல் கிடக்க, செத்துப்போயிருந்தார்.

சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தவன் மாப்பிள்ளை.

சார்ஜர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதைத் தொடத் தைரியமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கினான். சூடு. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட் அளவுக்கு. வேறு ஒன்றும் இல்லை.

"செருப்போட தொட்டா எப்படி அத்தான் தெரியும்?"

வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை அதிகாரி. படிக்கட்டில் வழுக்கி விழுந்தவரிடம் போய், படிக்கட்டு என்ன சொல்கிறது என்று கேட்கிற உத்தியோகம்.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மறுபடி தொட்டான். அதே சூடு.

"தரை காஞ்சு கெடக்கு" என்றான் மைத்துனன்.

"தண்ணி ஊத்திட்டுத் தொடணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

சொல்லவில்லைதான். ஆனால் மூலையில் இருந்த வாளியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனான்.

கொட்டகையின் நடுவில் நின்றிருந்தது தொட்டி. மாமனார் அதை 'வண்டி' என்றுதான் சொல்வார். தொட்டி, தெருக்காரர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற மறுவாரம் ஆரம்பித்து, மூன்று வருடமாகத் தன் கையாலேயே செய்த மின்சார வண்டி. இரண்டு பேர் உட்காரலாம், ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டால். தகரத்தை வளைத்துச் செய்த உடம்பு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குளிக்கிற தொட்டி மாதிரியே வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டக் குறைக்க, உடைத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றின் பொத்தான் பலகை. ஒன்றாம் மாடியை அழுத்தினால் நடை வேகம், இரண்டாம் மாடிக்கு சைக்கிள் வேகம். நான்காம் மாடியை இதுவரை யாரும் அழுத்தியதில்லை. ஹாரனுக்குப் பதில் லிஃப்டின் அபாய மணி. அதை அடித்தால் தெருவில் யாரும் விலக மாட்டார்கள், யார் மாட்டிக்கொண்டார்கள் என்று உதவிக்கு ஓடி வருவார்கள்.

சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரி. அவற்றுக்குச் சக்தி ஏற்றிய பழைய சார்ஜர் போன மாதம் புகைந்து அடங்கிவிட்டது. மாப்பிள்ளை சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே சுமை தூக்குகிற வண்டி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். அதன் சார்ஜர் மட்டும் உயிரோடு இருப்பது போலத் தெரிந்தது. மேலாளரிடம் சொல்லி வாங்கி, நேற்று சாயங்காலம் கொண்டுவந்து இறக்கினான்.

மாமனார் அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு மாமியாரிடம் சொன்னார்:

"நாளைக்குச் சோதிக்கணும்னு சொல்லு."

அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையிடம் மாமியார் திரும்பினார். "நாளைக்குச் சோதிப்பாராம்."

"சரின்னு சொல்லுங்க அத்தை."

"சரியாம்."

பதினோரு வருடமாக இப்படித்தான். மகள் தானே பார்த்து, தானே முடிவு பண்ணி, தானே வந்து அறிவித்த கல்யாணம். மாமனார் அதைத் தடுக்கவில்லை, கத்தவில்லை. பேச்சை மட்டும் மாமியார் வழியாகத் திருப்பிவிட்டார். இப்போது அதில் கோபம் எதுவும் பாக்கியில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட விண்ணப்பம் மாமியார் வழியாகத்தான் போகும், வரும்.

சோதனைக்கு அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வீட்டுக்குள் எந்தச் சாமான் நுழைந்தாலும் அதில் ஏறும். தேதி, பொருள், கொண்டுவந்தவர், கடைசியில் 'முடிவு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இரண்டே சொல்தான் விழும். தேறியது, அல்லது தேறவில்லை.

இன்றைய பக்கத்தில் ஏழரையிலிருந்து அரை மணிக்கு ஒரு அளவு. நேரம், வோல்ட், ஆம்பியர், மூடியின் சூடு. ஒன்பதரை வரை மாமனாரின் நிமிர்ந்த கையெழுத்து. பத்து மணிக் கட்டம் காலி. பத்தரையிலிருந்து மாப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்து.

ஏன் எழுத ஆரம்பித்தான் என்று கேட்டால் அவனுக்கே சரியாகத் தெரியாது. கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்த பார்வையிலிருந்து தப்பிக்கக் கொட்டகைக்கு வந்தான். வந்த இடத்தில் பென்சில் இருந்தது.

ஆனால் ஒன்று தெரியும். பேட்டரி நிரம்பியதும் நல்ல சார்ஜர் தானாக அடங்க வேண்டும். சிவப்பு விளக்கு பச்சையாக வேண்டும். அடங்காத சார்ஜர் பேட்டரியைக் கொதிக்க வைத்துத் தீர்த்துவிடும். சாயங்காலத்துக்குள் இது அடங்கினால், அவன் கொண்டுவந்தது நல்ல சாமான். அடங்காவிட்டால், கடைசி நாளில் ஒரு மனிதரின் கைக்கடியில் கெட்டுப்போன பெட்டி ஒன்றை வைத்தவன் என்ற பெயரோடு மீதி ஆயுளை ஓட்ட வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

*

காபி எடுத்துக்கொண்டு போன மாமியார்தான் முதலில் பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் அதை ஒரே மாதிரி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காபி ஆறுதுன்னேன். பதில் இல்ல. காலைலேர்ந்து இந்தத் தகரத்துக்கு முன்னாடி தவம் கெடக்கறீங்களேன்னு திட்டினேன். பதில் இல்ல. ரெண்டு நிமிஷம் திட்டியிருப்பேன். பதில் சொல்லாதது என்ன புதுசா. அப்புறம்தான் டம்ளரை வச்சுட்டு நெத்தியைத் தொட்டேன்."

"நீ தொட்டியா? அப்பா கை சார்ஜர்ல இருக்கறப்பவா?" என்றான் மைத்துனன்.

"பின்ன, உன்னை மாதிரி தொடப்பக் கட்டையை வச்சா தொடுவேன்?"

கூடத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அது உண்மைதான். மைத்துனன் தொடப்பக் கட்டையால்தான் அப்பாவின் கையைச் சார்ஜரிலிருந்து தள்ளி எடுத்தான். பாதுகாப்பு விதி அது. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. விதி சரிதான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு விளக்குகிற மாதிரி இல்லை.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, "ஹார்ட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ரெண்டு வருஷமாகவே எச்சரித்துக்கொண்டிருந்தாராம்.

"ஷாக் அடிச்சிருக்க வாய்ப்பு?" மைத்துனன் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தான்.

"கையில ஒரு தடம்கூட இல்ல. ஹார்ட்."

"நூறு சதவீதம் சொல்ல முடியுமா?"

"தம்பி, நூறு சதவீதம் சொல்ல முடிஞ்சது அவர் இறந்துட்டார்ங்கறது மட்டும்தான்."

மைத்துனன் அதையும் எழுதிக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை அளவெடுக்கக் கிளம்பியபோது, நோட்டு நாற்காலியில் இல்லை. கூடத்துக்கு வந்தால், அது மைத்துனன் கையில் இருந்தது. அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"அப்பா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கார். முன் வரலாறு பார்க்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் படிப்பது போலப் படிக்க ஆரம்பித்தான். "மேஜை ஃபேன். கொண்டுவந்தவர், மாப்பிள்ளை. முடிவு, தேறவில்லை. தண்ணீர் வடிகட்டி. மாப்பிள்ளை. தேறவில்லை. கதவு மணி. மாப்பிள்ளை. தேறவில்லை. குடை..."

"குடையைக்கூடவா சோதிச்சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு மணி நேரம் குழாயடியில பிடிச்சிருக்கார். கைப்பிடிக்குப் பக்கத்துல ஒழுகுதாம். மாப்பிள்ளை. தேறவில்லை."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியவர்கள் நான்கு பேர். பொத்தத் தவறியவர் ஒருவர். மாப்பிள்ளை சுவரோரமாக நின்று, தனக்கே தெரியாத ஒருவனின் குற்றப்பட்டியலைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான். ஃபேன் விஷயம் அவனுக்குத் தெரியும். குடை விஷயம் புதிது.

"மொத்தம் பதினேழு" என்றான் மைத்துனன். "பதினேழும் ஃபெயில்."

"பதினெட்டாவது இன்னும் முடியல" என்று சொல்லி, மாப்பிள்ளை நோட்டை வாங்கிக்கொண்டான். "மணி பன்னெண்டாச்சு. அளவெடுக்கணும்."

கொட்டகைக்கு அவன் பின்னாலேயே மனைவி வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவன் மீட்டரின் முள்ளைப் படித்து எழுதி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அப்பா போயிட்டார். நீங்க வோல்ட் எழுதிட்டிருக்கீங்க."

"பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது."

"அவருக்குப் பிடிக்காதது நெறையப் பண்ணியிருக்கோம். கல்யாணமே அதுல ஒண்ணு."

அவள் தொட்டியின் ஓரத்தில் சாய்ந்தாள். தெரியாமல் முழங்கை பொத்தான் பலகையில் பட்டு, அபாய மணி ஒரு தடவை 'டிர்ர்' என்று அடித்தது. அடுத்த கணம் கூடத்திலிருந்து மூன்று பேர், "என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு" என்று ஓடி வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைத்தபோது அவள் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

"எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

"அம்பத்தி மூணு புள்ளி ரெண்டு."

"நல்லதா?"

"இன்னும் தெரியாது."

*

ஒன்றரைக்கு சவ வண்டி வந்தது. வீட்டுக்குப் போகிற சந்து ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் மதில். டிரைவர் மூக்கை முன்னால் விட்டுக் கொட்டகை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினான். நிதானமான ஆள். சட்டைப் பையில் சீப்பு. காத்திருந்த இரண்டு மணி நேரமும் வண்டிக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்றான்.

மயான அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். போய்ச் சேர இருபது நிமிடம். மூன்றே காலுக்குப் பெட்டியை ஏற்றினார்கள். டிரைவர் பின்கதவை மரியாதையாகச் சாத்தி, முன்னால் ஏறி, சாவியைத் திருப்பினான்.

'க்ளிக்' என்றது வண்டி.

மறுபடி திருப்பினான். அந்தக் க்ளிக்கும் பாதியில் நின்றது.

"என்னப்பா?" என்றான் மைத்துனன்.

"பேட்டரி எறங்கிடுச்சு சார்."

"எப்படி எறங்கும்? ரெண்டு மணி நேரமா சும்மாதான நிக்குது."

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். "ஹெட்லைட் போட்டு வச்சிருந்தேன் சார். ஒரு மரியாதைக்கு."

பகல் வெளிச்சத்தில் அந்த மரியாதை யார் கண்ணிலும் படவில்லை.

தள்ளிப் பார்த்தார்கள். முன்னால் கொட்டகை, அதனால் பின்னால்தான் தள்ள வேண்டும். பின்னால் மேடு. ஆறு பேர் பானட்டில் கைவைத்து மூச்சுப் பிடித்ததில் வண்டி நான்கடி ஏறியது, ஒரு நொடி யோசித்தது, ஐந்தடி இறங்கி வந்தது. உள்ளே பெட்டி நகர்ந்து எங்கோ இடித்த சத்தம் கேட்டது.

"மெதுவாப்பா, உள்ள ஆள் இருக்காங்க" என்றார் மாமியார்.

வேறு காரைக் கொண்டுவந்து கேபிள் போடலாம் என்றார் ஒருவர். அந்தக் கார் வண்டியின் வால் பக்கம்தான் நிற்க முடியும். பேட்டரி இருப்பது மூக்குப் பக்கம். டிரைவரிடம் இருந்த கேபிள் இரண்டு கைநீளம். எல்லோரும் சந்தின் அகலத்தையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டிரைவர் மட்டும் திறந்திருந்த கொட்டகைக்குள் பார்த்தான்.

"சார், அங்க நாலு பேட்டரி இருக்கே."

மாப்பிள்ளை சார்ஜருக்கு முன்னால் போய் நின்றான்.

"அதைத் தொடக் கூடாது" என்றான்.

"ஏன் சார், ஒண்ணு போதும். அஞ்சு நிமிஷம்."

"சார்ஜ் ஏறிட்டிருக்கு. சோதனை நடக்குது. ஒண்ணைக் கழட்டினா சோதனை அதோட முடிஞ்சது."

"முடிஞ்சா முடியட்டுமே அத்தான்" என்றான் மைத்துனன். "நாளைக்கு மறுபடி பண்ணிக்கோங்க."

"மறுபடி பண்ணணும்னா பேட்டரியை முழுசா காலி பண்ணணும். அதுக்கு வண்டியை ஊரெல்லாம் ஓட்டணும்." மாப்பிள்ளை சவ வண்டியைப் பார்த்தான். "ஓட்டத் தெரிஞ்சவர் அதுக்குள்ள இருக்கார்."

"இப்ப எத்தனைல நிக்குது?" என்று மனைவி கேட்டாள்.

"அம்பத்தேழு புள்ளி ஒண்ணு. அம்பத்தேழு புள்ளி ஆறுல அடங்கணும். சார்ஜர் மேலேயே எழுதியிருக்கு. அரை மணி நேரம், மிஞ்சினா முக்கால்."

"ஒரு சார்ஜருக்காக அப்பாவை வெயிட் பண்ணச் சொல்றீங்களா?" மைத்துனனின் குரல் முதல் தடவையாக உடைந்தது. விசாரணை அதிகாரி போய், அப்பாவை இழந்த ஒருவன் அங்கே நின்றான். "காலைலேர்ந்து பார்த்திட்டிருக்கேன். நீங்க அந்தத் தகரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க. அவரை ஒரு தடவை வந்து பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அந்தப் புறங்கையைப் பார்க்க வேண்டி வருமே என்றுதான் போகவில்லை. அதை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது.

மைத்துனன் ப்ளக்கை நோக்கி நடந்தான்.

"இருடா" என்றார் மாமியார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் நின்றான்.

மாமியார் வண்டியின் பின்கதவில் கைவைத்தபடி, யாரிடமும் இல்லாமல் பேசினார். "லிஃப்ட் நடுவுல நின்னு ஜனங்க உள்ள மாட்டிக்கிட்டா, இவர் மேலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்வார். பதறாதீங்க, வெளிய ஒருத்தன் வேலை பார்த்திட்டிருக்கான்னு. எத்தனை பேர் அதைக் கேட்டுட்டு மணிக்கணக்கா இருந்திருக்காங்க." கதவை லேசாகத் தட்டினார். "இன்னைக்கு இவர் இருக்கட்டும். உள்ள இருக்கறவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "நாலரை வரைக்கும். அதுக்கு மேல நானே புடுங்கிடுவேன்."

*

அப்படியாக, ஒரு சவ ஊர்வலம் முழுக்க ஒரு மீட்டருக்கு முன்னால் கூடி நின்றது.

கொட்டகைக்குள் இடம் போதவில்லை. மனைவி தொட்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். வாசலில் நின்ற டிரைவர் உள்ளே நடப்பது தெரியாதவர்களுக்கு நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்பத்தேழு மூணு."

பின்னால் அது வாய்வழியாகச் சந்து முனை வரை போனது. அம்பத்தேழு மூணாம். அம்பத்தேழு மூணு.

மூன்றே முக்காலுக்கு ஐம்பத்தேழு ஐந்து. மாப்பிள்ளை எழுதினான். மைத்துனன் ப்ளக்குக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

ஐம்பத்தேழு புள்ளி ஆறு.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஐம்பத்தேழு புள்ளி ஏழு.

"தாண்டிடுச்சு" என்றான் டிரைவர், தாழ்ந்த குரலில். தாண்டிடுச்சாம் என்று சந்து முனை வரை போனது.

ஐம்பத்தேழு எட்டு. ஐம்பத்தெட்டு. சிவப்பு. பேட்டரிகளிடமிருந்து மெல்லிய கொதிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது, அடுப்பில் பால் ஓரம் கட்டுவது போல.

"அத்தான்" என்றான் மைத்துனன். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "போதும். விட்டுடுங்க."

ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்று.

"வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று பெரிய மலர்வளையம் ஒன்று கூட்டத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் லிஃப்ட் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மாமனாரோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். வளையத்தை வைக்க இடமில்லாமல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் வைத்துவிட்டு, எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவரும் எட்டிப் பார்த்தார்.

"அட, இந்த மீட்டரை இன்னுமா வச்சிருந்தார்?"

"ஏன், இதுக்கென்ன?" என்றான் மாப்பிள்ளை.

"அது ஒரு வோல்ட் கூடக் காட்டுமே. வேலையில இருக்கறப்பவே அப்படித்தான். மாத்துங்க மாத்துங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான. எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும்ல, அது போதும்னுட்டார்."

கொட்டகை முழுக்க மனதுக்குள் கூட்டல் கழித்தல் போட்டது.

"அப்ப அம்பத்தெட்டு ஆறுதான்..." என்று ஆரம்பித்தான் டிரைவர்.

"இரு" என்றார்கள் நாலைந்து பேர்.

ஐம்பத்தெட்டு மூன்று. நான்கு. மாமியார் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு ஐந்தில் முள் நின்றுவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஜன்னலில் யாரோ இருமினார்கள், அவரை நான்கு பேர் முறைத்தார்கள். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது.

'டக்.'

சின்னச் சத்தம். சுவிட்சை யாரோ பொறுமையாகத் தட்டியது போல. சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது. சார்ஜரின் ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி, நின்றது.

காலை ஏழரையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அது. நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. மனைவி மலர்வளையத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மைத்துனன் குனிந்து, சார்ஜரின் மூடி மேல் கையை வைத்தான். உள்ளங்கையை. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"சூடா இருக்கு" என்றான்.

மாப்பிள்ளை நோட்டில் எழுதினான்: நான்கு ஏழு. ஐம்பத்தெட்டு ஆறு. தானாக அடங்கியது. முடிவுக் கட்டத்துக்கு வந்தபோது பென்சிலை எடுத்துவிட்டான். அது அவர் எழுதுகிற இடம். நோட்டை மூடி நாற்காலியில் வைத்தான்.

பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பேட்டரியைக் கழற்றி வாசலுக்குத் தூக்கி வந்தான். டிரைவர் கேபிளை மாட்டி, சாவியைத் திருப்பினான். வண்டி முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. வளையத்தைப் பின்கதவில் கட்டினார்கள். சந்து முனை வரை எல்லோரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து வழிவிட, வண்டி வந்த வழியே பின்னோக்கி ஏறியது.

மாப்பிள்ளை மாமியாரைத் தெருவில் நின்ற ஒரு காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, அவர் சேலைத் தலைப்பு கதவில் மாட்டாமல் எடுத்து உள்ளே போட்டான்.

"மாப்பிள்ளை, மறந்தே போச்சு" என்றார் அவர். "காலைல உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"என்ன அத்தை?"

"கிடங்குல இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமான்னு."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். "எப்பச் சொன்னார்?"

"காபி கேட்டாரே, அப்ப. ஒம்பதரை இருக்கும்."

"எதுக்காம், இன்னொண்ணு?"

"அதையெல்லாம் நான் கேக்கல. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான்."

கிடங்கில் இன்னொன்று இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, மூன்றாவது அடுக்கில், தூசி படிந்து.

"இருக்குன்னு சொல்லுங்க அத்தை" என்றான்.

மாமியார் அவனைப் பார்த்தார். பிறகு, தெருவில் திரும்பி நின்றிருந்த சவ வண்டியைப் பார்த்தார்.

"சொல்றேன்" என்றார்.

*

மயான அலுவலகத்துக்கு நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த எழுத்தர், முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார்.

பெட்டியை இறக்கிய பிறகு சங்கச் செயலாளர் முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, இரண்டு நிமிடம் மௌனம் என்றார். எல்லோரும் தலைகுனிந்தார்கள்.

சவ வண்டி மட்டும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி நின்று உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று டிரைவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. அவ்வளவு மௌனத்தில் அது ஒன்றுதான் காதில் விழுந்தது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனனும் திரும்பினான்.

டிரைவருக்குச் சங்கடமாகிவிட்டது. ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து, நிறுத்தட்டுமா என்று புருவத்தால் கேட்டான்.

மாப்பிள்ளை வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"ஓடட்டும்."

டிரைவர் சாவியிலிருந்து கையை எடுத்தான். பின்கதவில் கட்டியிருந்த மலர்வளையத்தின் இலைகள், இன்ஜினோடு சேர்ந்து சின்னதாக நடுங்கிக்கொண்டே இருந்தன.